குஞ்சு வீட்டுக்கு ஒரே வாசல்

"அக்கா, செத்த நில்லுங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."

மாரியம்மாள் என் பின்னால் ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஆனைக்குட்டம் போகிற பாதையில், கருவேல மரங்களுக்கு நடுவே இருக்கும் எங்கள் பழைய கோழிப்பண்ணையில் இது நடந்தது. முந்தின வாரம் அடித்த காற்றில் ஓடு ஏதும் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க நான் விருதுநகரிலிருந்து வந்திருந்தேன். பார்த்து முடித்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்று இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தேன்.

அவள் முந்தானையில் கையைத் துடைத்தபடி நின்றாள். துடைத்தும் போகவில்லை. விரல் இடுக்குகளிலும் நகத்தைச் சுற்றியும் வெள்ளி நிறம் அப்பியிருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது என்னவென்று சொல்லவேண்டியதில்லை. அலுமினியத் தூள். பட்டாசு மருந்து புழங்குகிற கைகளில்தான் அந்த நிறம் ஒட்டியிருக்கும்.

"குஞ்சு வீட்டுக்குப் பின்பக்கம் இன்னொரு வாசல் வச்சுக் குடுங்கக்கா. ஒத்த வாசல்தான இருக்கு" என்றாள்.

நான் திரும்பி அந்தக் கட்டடத்தைப் பார்த்தேன்.

கோழிக்கு எதுக்கு இம்புட்டுப் பவுசு

இந்தத் தொடரில் அப்பாவின் கோழிப்பண்ணையைப் பற்றி நான்கு வரி எழுதியதும், அந்தக் கட்டடங்கள் இன்னும் இருக்கின்றனவா, வந்து பார்க்கலாமா என்று சிலர் கேட்டு எழுதினார்கள். இத்தனை வாரமாகப் பதில் எழுதாமல் தள்ளிப்போட்டேன். இந்த அத்தியாயம்தான் அந்தப் பதில்.

என் அப்பா மிளகாய் வற்றல் வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். கடையில் உட்கார்ந்தால் தும்மல் நிற்காது. அந்த ஒரு காரணத்தால் வியாபாரத்தை அண்ணன்மாரிடம் விட்டுவிட்டு, அரசாங்கம் நடத்திய பயிற்சி ஒன்றுக்குப் போய்க் கோழி வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்தார். நான் கைக்குழந்தையாக இருந்த சமயம். சுதந்திரம் வந்து பத்து வருஷம்கூட ஆகியிருக்காது. வீட்டுக் கொல்லையில் நாலு கோழி மேய்வதைத்தான் ஊர் பார்த்திருந்தது. கோழிக்கென்று காரைக் கட்டடம் எழுப்புகிற மனிதரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

நான்கு கட்டடங்கள். முட்டையிடும் கோழிகளுக்குக் கிழக்கு மேற்காக நீண்ட கொட்டகை. தரையில் எண்ணெய் மில்லிலிருந்து வரும் கடலைத் தொலியை ஒரு சாண் உயரத்துக்குப் பரப்பியிருப்பார்கள். அடுத்தது தீவனம் அடுக்கி வைக்கும் கிட்டங்கி. எலி ஏறாதபடி கல்தூண்கள் மேல் நிற்கும். மூன்றாவது முட்டை அறை. ஐந்து படி இறங்கிப் போகவேண்டும். பாதி பூமிக்குள், பாதி வெளியே. சித்திரை வெயிலிலும் உள்ளே போனால் பாதம் சில்லென்று ஆகிவிடும்.

நான்காவது குஞ்சு வீடு. ஒரு நாள் வயதுக் குஞ்சுகள், துளை போட்ட அட்டைப் பெட்டிகளில் ரயிலில் விருதுநகருக்கு வந்து இறங்கும். அவற்றை மூன்று நான்கு வாரம் சூட்டிலேயே வைத்திருக்கவேண்டும். அதற்காக இரண்டடிக் கனத்துச் சுவர். நடுவில் தகரக் கூடாரம், அதற்கடியில் கரி அடுப்பு. ஆள் உயரத்துக்கு மேலே கம்பி வலை அடித்த சின்னச் சின்னச் சாளரங்கள். காற்று குறுக்கே பாயக்கூடாது, பாம்பும் கீரியும் நுழையக்கூடாது என்பதால் ஒரே வாசல், அதுவும் ஒடுக்கமாக.

முதலில் அந்தச் சுவருக்கு நான்கு மூலைகள் இருந்தன. முதல் தடவை வந்த குஞ்சுகள் இடிச் சத்தத்துக்குப் பயந்து ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, அடியில் இருந்தவை மூச்சுமுட்டிச் செத்துப்போயின. கூடை கூடையாக அள்ளிப் போட்டார்களாம். அப்பா இரண்டு நாள் சாப்பிடவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். மூன்றாம் நாள் கொத்தனாரைக் கூப்பிட்டு நான்கு மூலைகளையும் இடித்து வளைவாகக் கட்டச் சொன்னார்.

"கோழிக்கு எதுக்கு மொதலாளி இம்புட்டுப் பவுசு?" என்று கொத்தனார் கேட்டாராம்.

அப்பாவே கடப்பாரையை எடுத்துவிட்டாராம். பண்ணையில் வேலைக்குச் சேருகிற எல்லோருக்கும் இந்தக் கதையை யாராவது சொல்லிவிடுவார்கள்.

முட்டை அறைக்கு வந்தவள்

மாரியம்மாள் பதினாறு வயதில் வேலைக்கு வந்தாள். நான் அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தேன். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவளை முட்டை அறையில்தான் பார்ப்பேன். விளக்கு வைத்த டப்பாவின் துளைக்கு முன்னால் முட்டையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவாள். உள்ளே ரத்தப்புள்ளி இருந்தால், ஓட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் தனியே வைத்துவிடுவாள். அவள் கை தவறி ஒரு முட்டை உடைந்து நான் பார்த்ததில்லை.

அங்கேயே அவளுக்குக் கல்யாணம் பேசி முடித்தார்கள். மகள் செல்வி பிறந்தபோது தீவனச் சாக்கில் தொட்டில் கட்டி, கிட்டங்கித் தூணில் மாட்டியிருந்தாள். புருஷன் சீக்கிரமே போய்விட்டான்.

பண்ணை முடிந்த விதத்தை விரிவாக எழுத மனம் வரவில்லை. சுற்றிலும் பட்டாசுத் தொழிற்சாலைகள் வந்தன. வெடி போட்டுச் சோதிக்கும் சத்தத்தில் கோழிகள் மிரண்டு, ஓடு கெட்டியாகாத தோல்முட்டை இட்டன. அதையாவது சமாளித்தோம். பிறகு ஒரு கோடையில் வெள்ளைக்கழிச்சல் நோய் வந்தது. தடுப்பூசி போட்டிருந்தும் கூட்டம் கூட்டமாக விழுந்தன. குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடினோம். மாரியம்மாளும் நானும் ஒரு சாக்கின் இரண்டு முனைகளையும் பிடித்து இழுத்துப்போய்க் குழியில் கவிழ்த்த கனம் இப்போதும் தோள்பட்டையில் இருக்கிறது. அப்பா குழிக்கரையில் நின்றுகொண்டே இருந்தார். அடுத்த மழைக்காலம்வரைதான் இருந்தார்.

மாரியம்மாள் தீக்குச்சி அடுக்கத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். அங்கிருந்து பட்டாசுக் கம்பெனிக்கு. செல்வியும் வளர்ந்து அதே கம்பெனி பஸ்ஸில் ஏறினாள். நான் விருதுநகரில் பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றேன். கட்டடங்கள் பூட்டிக் கிடந்தன.

அளவெடுக்க வந்தவர்கள்

சில வருஷங்களுக்கு முன் மதுரையிலிருந்து கட்டடக்கலைப் பேராசிரியை ஒருவர் மாணவர்களோடு வந்தார். பழைய பண்ணைக் கட்டடங்களைத் தேடிப் பதிவுசெய்கிறார்களாம். மூன்று நாள் நூல் பிடித்து அளந்தார்கள். குஞ்சு வீட்டின் வளைந்த சுவரைக் கையால் தடவிப் பார்த்த பேராசிரியைக்குக் கண் மின்னியது.

"இந்தக் காலத்துப் பண்ணைக் கட்டடம் இப்படி முழுசா நிக்கிறது ரொம்ப அபூர்வம்மா. உங்க அப்பா ஒரு சாதாரண மனுஷர் இல்ல. தயவுசெஞ்சு எதையும் இடிச்சு மாத்திடாதீங்க."

எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்கமாட்டேன். சிரித்த ஊருக்கு அப்பா செத்த பிறகாவது பதில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். அவர்கள் வரைந்து அனுப்பிய படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினேன். வருகிறவர்களையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தினேன்.

அடுத்த வருஷம் காண்ட்ராக்டர் ஒருவர் வாடகைக்குக் கேட்டு வந்தார். வழக்கு நடப்பதால் பெயரை எழுதவில்லை. காகிதக் குழாய் உருட்டுகிற வேலைதான், அட்டைப்பெட்டி அடுக்கி வைக்க இடம் வேண்டும் என்றார். பூட்டியே கிடந்தால் கட்டடம் பாழாகும், ஆள் புழங்கினால் நிற்கும் என்று எனக்கும் தோன்றியது. ஒப்பந்தத்தில் ஒரு நிபந்தனையை நானே என் கையால் எழுதினேன்: சுவர், வாசல், சாளரம் எதையும் இடிக்கவோ மாற்றவோ கூடாது.

"உங்க இடம், உங்க இஷ்டம்மா" என்று அவர் சிரித்தார்.

பக்கத்திலேயே வேலை என்பதால் மாரியம்மாளும் செல்வியும் அங்கே சேர்ந்தார்கள். விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடவேண்டாம். செல்வியின் மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு நடந்தே வந்துவிடலாம். ஆரம்பத்தில் சொன்னபடி வெறும் காகிதக் குழாய்தான். சீசன் நெருங்கியதும், காண்ட்ராக்டர் வெளியே வாங்கின ஆர்டரை முடிக்க மருந்து வந்தது. குழாயில் மருந்து அடைத்தார்கள். பிறகு குஞ்சு வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து சரவெடி பின்னினார்கள். அதற்கு எந்த உரிமமும் கிடையாது.

மறுபடி அந்தக் கேட்டருகே

"எதுக்கு மாரி இன்னொரு வாசல்?" என்று கேட்டேன். எதற்கென்று தெரிந்துதான் கேட்டேன்.

"உள்ள ஏழு பேரு உக்காருதாக. சரக்க வாசல் பக்கந்தான் குமிச்சு வைக்காக. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா உள்ள இருக்கவுக எங்கன போவாக? லைசென்ஸ் கம்பெனியில ஒரு ரூமுக்கு நாலு வாசல் இருக்கும்."

"காண்ட்ராக்டர்ட்ட சொன்னியா?"

"சொன்னேன். வீட்டுக்காரம்மா செவத்தத் தொடக்கூடாதுன்னு எழுதி வாங்கியிருக்காக, அவுகளக் கேளுங்கார்."

அந்த நிமிஷத்தில் நான் செய்திருக்கக்கூடியவை எத்தனையோ. உள்ளே போய்ப் பார்த்திருக்கலாம். வேலையை நிறுத்தச் சொல்லியிருக்கலாம். காவல் நிலையத்துக்கு ஒரு போன் செய்திருக்கலாம். அவள் கேட்ட வாசலையாவது வைத்துக் கொடுத்திருக்கலாம். என் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டிய படம்தான்.

"அப்பா பாத்துப் பாத்துக் கட்டின சுவரு மாரி. அதுல ஓட்டை போட எனக்கு மனசு வரல. சீசன் முடிஞ்சதும் மருந்து வேலை கூடாதுன்னு அவர்ட்ட கண்டிஷனா சொல்லிடுறேன்."

அவள் மறுபடியும் முந்தானையில் கையைத் துடைத்தாள்.

"சரிக்கா. வெயிலு ஏறுது, பாத்துப் போங்க" என்றாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு

இருபது நாளில் அது நடந்தது.

சாப்பிட்டுக் கைகழுவி வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். நான்கு பேர் வாசல் பக்கம். செல்வியும், ஆனைக்குட்டத்திலிருந்து வரும் அக்கா தங்கை இருவரும் உள்பக்கச் சுவரோரம். எதில் உராய்ந்தது என்று தெரியவில்லை. நடுவில் ஒரு சரம் பொரிந்தது. வாசல் பக்கம் இருந்த நால்வரும் வெளியே பாய்ந்துவிட்டார்கள். அடுத்த நொடி வாசலோரம் குவித்திருந்த சரக்கு பிடித்துக்கொண்டது. உள்ளே இருந்த மூவருக்கும் வாசலுக்கும் நடுவே நெருப்பு.

மாரியம்மாள் முட்டை அறையில் குழாய்களை எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தாள். ஐந்து படியும் ஏறி ஓடிவந்தபோது செல்வி கூப்பிட்டது கேட்டிருக்கிறது. இவள் பின்பக்கம் ஓடி, தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி, சாளரத்தின் கம்பி வலையைக் கையால் பிய்க்கப் பார்த்தாள். அவள் உள்ளங்கைகளில் அந்த வலையின் கட்டங்கள் இன்றும் இருக்கின்றன.

எனக்குத் தகவல் வந்து, நான் போய்ச் சேர்ந்தபோது தீ அணைந்திருந்தது. ஓடுகள் சாலைவரை சிதறிக் கிடந்தன. கந்தக நெடியில் கண் எரிந்தது. கூரை இல்லாமல் குஞ்சு வீடு நின்றது. உள்ளே முழுக்கக் கரி. ஆனால் சுவரில் ஒரு விரிசல்கூட இல்லை.

தீயணைப்புக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே, யாரிடமும் இல்லாமல் பொதுவாகச் சொன்னார்: "லேசான செவரா இருந்தா வெடிச்சதுல பொத்துக்கிட்டுப் போயிருக்கும். வெளிய வந்திருப்பாங்க. என்னத்துக்கு இப்படிக் கோட்டை மாதிரி கட்டி வச்சிருக்காங்க?"

நான் யாரென்று அவருக்குத் தெரியாது.

தெரியாது என்றேன்

விசாரணைக்கு முன்னால் வக்கீல் சொல்லிக்கொடுத்தார்: "ஒப்பந்தத்துல காகிதக் குழாய்னுதான் இருக்கு. வேற எதுவும் எனக்குத் தெரியாதுன்னு மட்டும் சொல்லுங்க. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

அப்படியே சொன்னேன். முப்பது வருஷம் வகுப்பில், தப்பு செய்தால் ஒத்துக்கொள் என்று பிள்ளைகளை நிறுத்தி வைத்துக் கேட்ட வாய்தான்.

எனக்குப் பின்னால் பெஞ்சில், இரண்டு கையிலும் கட்டோடு மாரியம்மாள் உட்கார்ந்திருந்தாள். அதிகாரி அவளைக் கேட்டார்.

"இந்தம்மா அங்க வருவாங்களா?"

"எப்பவாச்சும் வருவாக."

"உள்ள என்ன வேலை நடக்குதுன்னு இவங்களுக்குத் தெரியுமா?"

அவள் என் பக்கம் திரும்பவில்லை. "எனக்குத் தெரியலய்யா" என்றாள்.

பழைய விசுவாசத்தில் என்னைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். அந்த நினைப்போடுதான் மறுநாள் அவள் வீட்டுக்குப் போனேன். செல்வியின் மகள் பாட்டிக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் மாரியம்மாள் குழந்தையை வெளியே அனுப்பினாள்.

"என்னக் காப்பாத்திட்ட மாரி" என்றேன். இதைவிட மோசமான ஒரு வாக்கியத்தை என் வாழ்நாளில் நான் பேசியதில்லை.

"உங்களுக்காவ சொல்லலக்கா" என்றாள். குரலில் கோபம்கூட இல்லை. "வாசல் கேட்டேன்னு சொன்னா, ஆபத்துன்னு தெரிஞ்சிருக்கே, பெறவு எதுக்கு மகள உள்ள உக்கார வச்சேன்னு என்னையக் கேப்பாக. அதுக்கு எங்கிட்ட என்ன பதிலு இருக்கு?"

கட்டுப்போட்ட கையால் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"குஞ்சு செத்ததுக்கே மொதலாளி செவத்த இடிச்சாருன்னு சொல்லுவாக" என்றாள். "நீங்க போங்கக்கா. பிள்ள வெயில்ல நிக்குது."

கையெழுத்து

பதினோரு நாள் ஆயிற்று எனக்கு. அந்தப் பதினோரு நாளும் என்ன செய்தேன் என்று கேட்டால், குளித்தேன், சாப்பிட்டேன், கூடத்துப் படத்தைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்தேன். வேறொன்றும் செய்யவில்லை. பன்னிரண்டாம் நாள் வக்கீலிடம் சொல்லாமல் போய் அதிகாரியைப் பார்த்தேன். மருந்து வேலை நடந்தது எனக்குத் தெரியும், மாரியம்மாள் என்னிடம் வாசல் கேட்டாள், நான் மறுத்தேன் என்று சொன்னேன்.

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இத எழுதிக் குடுத்தீங்கன்னா உங்களையும் வழக்குல சேக்க வேண்டியிருக்கும். வயசானவங்க. யோசிச்சுக்கங்க."

"பேப்பர் குடுங்க" என்றேன்.

சில நாள் சிறையில் இருந்தேன். அதைப் பற்றி எழுத இப்போது தெம்பில்லை. ஜாமீன் கிடைத்தது. தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போடவேண்டும் என்பது நிபந்தனை. பேராசிரியை போனில் அழுதார். அவருடைய மாணவர்கள் வரைந்த படத்தை நீதிமன்றம் கேட்டு வாங்கியிருக்கிறது. சம்பவத்துக்கு முன் கட்டடம் எப்படி இருந்தது என்பதற்கு அதைவிடத் துல்லியமான சாட்சி இல்லையாம். அப்பாவின் கட்டடங்களைப் பார்க்க விரும்பும் வாசகர்களுக்கு: பண்ணைக்குச் சீல் வைத்திருக்கிறார்கள். யாரும் வரவேண்டாம்.

கையெழுத்துப் போட விருதுநகரிலிருந்து காலையில் நான் ஏறும் டவுன் பஸ்ஸில், வழியில் பத்துப் பதினைந்து பெண்கள் தூக்குவாளியோடு ஏறுவார்கள். கைக்கட்டு அவிழ்த்த இரண்டாம் மாதத்திலிருந்து மாரியம்மாளும் ஏறுகிறாள். வேறொரு கம்பெனியில் பெட்டி ஒட்டுகிற வேலை. பேத்தியை வளர்க்கவேண்டுமே.

முதல் நாள் என் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. அவள் பார்த்தாள். உட்காரவில்லை. இறங்கும் இடம்வரை கம்பியை மணிக்கட்டால் அணைத்தபடி நின்றே வந்தாள். விரல்கள் இன்னும் முழுசாக மடங்குவதில்லை. மறுநாளும் அப்படித்தான். நான் எழுந்து இடம் கொடுத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்தாள்.

அப்படியே பல வாரம். போன திங்கட்கிழமை கூட்டம் நெருக்கியதில் அவள் என் இருக்கையை ஒட்டி நிற்க நேர்ந்தது. பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

"இன்னும் எம்புட்டு நாளைக்குக் கையெழுத்து?"

"தெரியல மாரி. கேசு முடியிற வரைக்கும் இருக்கும் போல."

அவள் நிறுத்தம் வந்தது. தூக்குவாளியை முழங்கையில் மாட்டிக்கொண்டாள்.

"போடுங்க" என்றாள். இறங்கிப் போனாள்.